பதினாறு வயதின் விலை: அமெரிக்காவில் இளம் ஓட்டுநர்களும் கார் இன்சூரன்சும்

அமெரிக்காவில் ஒரு வீட்டில் பிள்ளைக்குப் பதினாறு வயது ஆகிவிட்டால் இரண்டு விஷயங்கள் நடக்கும். பிள்ளை டிரைவிங் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வரும். அடுத்த சில நாட்களில் அப்பாவுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து புதிய பில் வரும். அதே கார், அதே வீடு, அதே தெரு. பாலிசியில் ஒரு பெயர் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் பிரீமியம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கும். சில குடும்பங்களில் இரண்டு மடங்குகூட ஆகிவிடும்.

அந்தப் பிள்ளை இதுவரை ஒரு விபத்தும் செய்ததில்லை. செய்திருக்கவும் முடியாது, லைசென்ஸ் கையில் வந்தே ஒரு வாரம்தான் ஆகிறது. செய்யாத தப்புக்கு ஏன் இந்தத் தண்டம்?

"உன் வயதுக்காரர்கள் அதிகமாக மோதுகிறார்கள், அதனால் நீயும் அதிகம் கட்டு" என்பதுதான் கம்பெனியின் பதில். இந்த ஒரு வரி பதிலுக்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. ஒரு மனிதனை அவன் சேர்ந்த கூட்டத்தின் சராசரியை வைத்து எடை போடலாமா என்ற சண்டை அது. கோர்ட், சட்டசபை, தேர்தல் வரைக்கும் போன சண்டை.

குதிரைகளுக்காக ஒரு பாலிசி

1898-இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரத்தில் ட்ரூமன் மார்ட்டின் என்ற டாக்டர், டிராவலர்ஸ் என்ற கம்பெனியிடம் தன் காருக்கு ஒரு பாலிசி வாங்கினார். அமெரிக்காவின் மிகப் பழைய கார் பாலிசிகளில் இதுவும் ஒன்று. சுமார் 12 டாலர் கட்டினார். தன் காரால் யாருக்காவது நஷ்டம் ஏற்பட்டால் 5,000 டாலர் வரை கம்பெனி பொறுப்பு. அந்தக் காலத்தில் ரோட்டில் கார்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தன. எங்கு பார்த்தாலும் குதிரைகள். கார் சத்தத்தில் மிரண்டு ஓடும் குதிரையும் கவிழும் வண்டியும்தான் அன்றைய பெரிய பயம்.

அப்போது ஓட்டுநரின் வயதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. லைசென்ஸ் என்ற ஒன்றே பிறகுதான் வந்தது. 1903-இல் மாசசூசெட்ஸ் மாநிலமும் மிசௌரி மாநிலமும் லைசென்ஸ் கேட்க ஆரம்பித்தன. அதற்கும் தேர்வு எதுவும் கிடையாது. ஓட்டிக் காட்டினால்தான் லைசென்ஸ் என்ற முறையை 1908-இல் ரோட் ஐலண்ட் கொண்டுவந்தது. 1909-இல் பென்சில்வேனியா, 18 வயது ஆகாதவர்கள் ஓட்டக்கூடாது என்றது. கார் வாங்கும் அளவுக்கு அன்று வசதியாக இருந்தவர்கள் பெரும்பாலும் நடுவயதுக்காரர்கள் என்பதால், இந்த விதியால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை.

ஃபோர்டு கம்பெனியின் மாடல் டி கார் வந்த பிறகு நிலைமை மாறியது. விலை குறையக் குறைய விவசாயிகளும் தொழிலாளர்களும் கார் வாங்கினார்கள். வீட்டில் கார் இருந்தால் பையன் ஓட்டாமல் இருப்பானா? 1921-இல் கனெக்டிகட் மாநிலம், லைசென்ஸ் உள்ள பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் 16, 17 வயதுக்காரர்களும் ஓட்டலாம் என்று அனுமதித்தது.

விருப்பம் கட்டாயமான கதை

கார்கள் பெருகப் பெருக விபத்துகளும் பெருகின. இடித்தவரிடம் நஷ்டஈடு கொடுக்கப் பணம் இல்லையென்றால் அடிபட்டவர் கதி அதோகதிதான். மாசசூசெட்ஸ் மாநிலம் 1925-இல் ஒரு சட்டம் போட்டது. 1927 ஜனவரி 1 முதல், மற்றவர்களுக்கு ஏற்படும் காயத்துக்கான இன்சூரன்ஸ் இல்லாமல் கார் வைத்திருக்க முடியாது. அமெரிக்காவின் முதல் கட்டாயக் கார் இன்சூரன்ஸ் சட்டம் இதுதான்.

மற்ற மாநிலங்கள் உடனே பின்தொடரவில்லை. நியூயார்க்கில் கட்டாயச் சட்டம் வர 1956 வரை ஆனது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் இன்றைக்கும் எல்லோரையும் இன்சூரன்ஸ் வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதில்லை. இருந்தாலும் மொத்த நாடும் போன திசை இதுதான்.

கட்டாயம் என்றானதும் பிரீமியத்தின் அர்த்தமே மாறிவிடுகிறது. விருப்பப்பட்டு வாங்கும் பொருளின் விலை அதிகமாக இருந்தால் வேண்டாம் என்று விட்டுவிடலாம். இதை விட முடியாது. பஸ் வசதி இல்லாத ஊர்கள் நிறைந்த நாடு அமெரிக்கா. கார் இல்லாமல் கல்லூரிக்கும் போக முடியாது, பகுதிநேர வேலைக்கும் போக முடியாது. பிரீமியம் என்பது பெரியவர்கள் உலகத்துக்குள் நுழையக் கொடுக்கும் கட்டணம் மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கட்டணத்தை யார் எவ்வளவு கட்டுவது என்பது வெறும் வியாபாரக் கேள்வியாக நிற்காமல் நியாயக் கேள்வியாக மாறியது இதனால்தான்.

கேட்லாக்கில் விற்ற இன்சூரன்ஸ்

வயதுக்குத் தகுந்த விலை எங்கிருந்து வந்தது? சியர்ஸ் என்ற கம்பெனி சட்டை முதல் டயர் வரை எல்லாவற்றையும் கேட்லாக் அனுப்பித் தபாலில் விற்றுவந்தது. அந்தக் கம்பெனி 1931-இல் கார் இன்சூரன்சையும் அதே முறையில் விற்கத் தொடங்கியது. தன் டயர் பிராண்டின் பெயரையே இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் வைத்தது. அதுதான் ஆல்ஸ்டேட். 1939-இல் ஆல்ஸ்டேட், ஓட்டுநரின் வயது, ஓட்டும் மைல்கள், காரின் உபயோகம் ஆகியவற்றைப் பார்த்து பிரீமியம் நிர்ணயிக்க ஆரம்பித்தது. போருக்குப் பிறகு இது எங்கும் பரவி, 25 வயதுக்குக் கீழ் உள்ள ஆண் ஓட்டுநர் என்பது தனி வகுப்பாகவே ஆனது.

கம்பெனிகளுக்கு இளைஞர்கள் மேல் என்ன கோபம் என்று கேட்கலாம். கோபம் எதுவும் இல்லை, போட்டிதான் காரணம். ஒரு கற்பனைக் கணக்கைப் பார்த்தால் இது புரியும்.

ஓர் ஊரில் 1,000 ஓட்டுநர்கள். அதில் 900 பேர் பெரியவர்கள், 100 பேர் இளைஞர்கள். பெரியவர் ஒருவரால் வருடத்துக்குச் சராசரியாக 500 டாலர் நஷ்டஈட்டுச் செலவு, இளைஞர் ஒருவரால் 1,500 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் செலவு 6 லட்சம் டாலர். எல்லோருக்கும் ஒரே விலை என்றால் ஆளுக்கு 600 டாலர்.

இப்போது பக்கத்துத் தெருவில் இன்னொரு கம்பெனி கடை திறக்கிறது. "பெரியவர்களுக்கு மட்டும் 520 டாலர்" என்று போர்டு வைக்கிறது. பெரியவர்கள் ஒவ்வொருவராக அங்கே போய்விடுவார்கள். முதல் கம்பெனியில் மிஞ்சுவது 100 இளைஞர்கள். அவர்களிடம் 600 வாங்கி 1,500 செலவு செய்தால் கம்பெனி திவால்தான். வேறு வழியில்லாமல் அதுவும் இளைஞர்களுக்கு விலையை 1,500-க்கு ஏற்றிவிடும்.

யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. ஆனாலும் ஒரே விலை உடைந்துவிட்டது. பெரியவர்கள் ஆளுக்கு 80 டாலர் லாபம் பார்க்க, இளைஞர்கள் தலையில் ஆளுக்கு 900 டாலர் கூடுதலாக விழுந்தது. ஒரு கம்பெனி பிரிக்க ஆரம்பித்தால் எல்லாக் கம்பெனிகளும் பிரித்துத்தான் ஆகவேண்டும்.

கம்பெனிகளின் கையில் உள்ள புள்ளிவிவரம் பொய்யும் அல்ல. அமெரிக்காவில் 16 முதல் 19 வயது வரையுள்ளவர்கள் ஓட்டும் ஒவ்வொரு மைலுக்கும் நடக்கும் மரண விபத்துகள், 20 வயதைத் தாண்டியவர்களைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. லைசென்ஸ் வாங்கிய முதல் சில மாதங்கள்தான் மிக மோசம்.

பள்ளிக்கூடத்தில் கார் பாடம்

அப்படியானால் நன்றாகச் சொல்லிக்கொடுத்தால் விபத்து குறையுமே, பிரீமியமும் குறையுமே? இப்படித்தான் அமெரிக்காவும் நினைத்தது. 1934 வாக்கில் பென்சில்வேனியாவில் ஏமஸ் நேஹார்ட் என்ற பேராசிரியர் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வகுப்பைத் தொடங்கினார். பிறகு நாடு முழுக்கப் பள்ளிகளில் அது ஒரு பாடமாகவே ஆனது. பாடம் முடித்தவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகள் தள்ளுபடியும் கொடுத்தன.

1970-களின் பிற்பகுதியில் ஜார்ஜியா மாநிலத்தின் டிகால்ப் கவுண்டியில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சுமார் 16,000 மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு விரிவான பயிற்சி, ஒரு குழுவுக்கு அடிப்படைப் பயிற்சி மட்டும், மூன்றாவது குழுவுக்குப் பள்ளியில் பயிற்சியே இல்லை. முடிவு பலருக்கு அதிர்ச்சி. ஆரம்ப மாதங்களில் தெரிந்த சிறிய முன்னேற்றமும் நாளடைவில் மறைந்துபோனது.

கனெக்டிகட்டில் இன்னொரு வேடிக்கை நடந்தது. 1976-இல் அந்த மாநிலம் பள்ளிகளின் கார் பாடத்துக்கு நிதியை நிறுத்தியது. பாடத்தைக் கைவிட்ட ஊர்களில் 16, 17 வயதில் லைசென்ஸ் வாங்குபவர்கள் குறைந்தார்கள், அந்த வயதினரின் விபத்துகளும் குறைந்தன. பாடம் பிள்ளைகளைச் சீக்கிரமாக ரோட்டுக்குக் கொண்டுவந்ததே தவிர, அவர்களின் ஆபத்தைக் குறைக்கவில்லை. வண்டியைத் திருப்பவும் நிறுத்தவும் சில வாரங்களில் கற்றுக்கொடுத்துவிடலாம். ஆபத்து வருவதற்கு முன்பே அதை மோப்பம் பிடிக்கும் புத்தி ஓட்டி ஓட்டித்தான் வரும்.

கோர்ட்டுக்குப் போன சராசரி

இதே காலத்தில் சண்டை வேறு பக்கம் திரும்பியது. ஓக்லஹோமா மாநிலத்தில் ஒரு விநோதமான சட்டம் இருந்தது. 3.2 சதவீத ஆல்கஹால் உள்ள பீரைப் பெண்கள் 18 வயதில் வாங்கலாம், ஆண்கள் 21 வயதில்தான் வாங்கலாம். ஏன் என்று கேட்டதற்கு மாநில அரசு ஒரு கணக்கைக் காட்டியது. 18 முதல் 20 வயதுக்குள், குடித்துவிட்டு ஓட்டிக் கைதானவர்கள் பெண்களில் 0.18 சதவீதம், ஆண்களில் 2 சதவீதம்.

1976 டிசம்பரில் அமெரிக்க உச்சநீதிமன்றம் கிரெய்க் எதிர் போரன் என்ற வழக்கில் இந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கிறதே என்பது ஒரு பார்வை. நூறு ஆண்களில் 98 பேர் கைதாகவில்லையே, இரண்டு பேருக்காக நூறு பேரையும் தடுக்கலாமா என்பது இன்னொரு பார்வை. இந்தக் கணக்கு அப்படி ஒரு பாகுபாட்டைத் தாங்கும் அளவுக்கு வலுவானது இல்லை என்று நீதிமன்றம் சொன்னது.

இந்தத் தீர்ப்பு அரசின் சட்டத்துக்குத்தான், தனியார் கம்பெனியின் பிரீமியத்துக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் கேள்வி அதேதான். ஒரு வகுப்பின் சராசரி உண்மை என்பதாலேயே, அந்த வகுப்பில் உள்ள ஒவ்வொருவர் மேலும் அதைச் சுமத்துவது நியாயம் ஆகிவிடுமா?

கேள்வியையே தடை செய்தால்?

1945-இல் வந்த மெக்காரன்-ஃபெர்குசன் சட்டப்படி அமெரிக்காவில் இன்சூரன்சைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு பெரும்பாலும் மாநிலங்களுடையது. அதனால் ஒவ்வொரு மாநிலமும் இந்தக் கேள்விக்குத் தனித்தனியாகப் பதில் தேடியது.

ஹவாய் எல்லோரையும்விடத் துணிச்சலாகப் போனது. அங்கே வயது, பால், எத்தனை வருட அனுபவம் என்று எதையும் பிரீமியக் கணக்கில் சேர்க்கக்கூடாது. பிள்ளைக்கும் பெற்றோருக்கும் பெரிய வித்தியாசம் இல்லாத விலை. இளைஞர்களால் வரும் கூடுதல் செலவு எல்லோருடைய பில்லிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடுகிறது.

மாசசூசெட்ஸ் 1970-களின் கடைசியில் வயதையும் பாலையும் தடை செய்தது, ஆனால் அனுபவத்தை அனுமதித்தது. அங்கே 17 வயதில் லைசென்ஸ் வாங்கினாலும் 40 வயதில் வாங்கினாலும் முதல் சில வருடங்கள் "அனுபவமற்றவர்" என்ற வகுப்புதான். புதிதாக லைசென்ஸ் வாங்குபவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள் என்பதால் நடைமுறையில் அவர்கள்தான் அதிகம் கட்டுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், 65 வயது ஆனவர்களுக்கு 25 சதவீதத் தள்ளுபடி கொடுக்கவேண்டும் என்றும் அதே மாநிலத்தின் சட்டம் சொல்கிறது. வயதைப் பார்த்து விலையை ஏற்றக்கூடாது, குறைக்கலாம்!

கலிஃபோர்னியாவில் மக்களே தீர்ப்புச் சொன்னார்கள். 1988 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் 103-ஆவது தீர்மானம் குறைந்த வித்தியாசத்தில் ஜெயித்தது. அதன்படி பிரீமியத்தைத் தீர்மானிப்பதில் முதலிடம் ஓட்டுநரின் விபத்து, அபராதக் கணக்குக்கு. இரண்டாவது, வருடத்துக்கு ஓட்டும் மைல்கள். மூன்றாவது, எத்தனை வருட அனுபவம். நல்ல ஓட்டுநருக்கு 20 சதவீதத் தள்ளுபடி கட்டாயம். கூட்டத்தைப் பார்க்காதே, ஆளைப் பார் என்பதுதான் இதன் சாரம். ஆனால் நல்ல ஓட்டுநர் என்று பெயர் வாங்க லைசென்ஸ் எடுத்து மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும். ஆளைப் பார்ப்பது என்று முடிவெடுத்தாலும், புதிய ஆளிடம் பார்ப்பதற்கு எந்தக் கணக்கும் இல்லை. அவன் இங்கேயும் வரிசையின் கடைசியில்தான் நிற்கிறான்.

ஐரோப்பாவின் அனுபவம் இன்னொரு பாடம். பெல்ஜியத்தின் ஒரு நுகர்வோர் அமைப்பு தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2011 மார்ச் 1 அன்று, பிரீமியத்தில் ஆண் பெண் வித்தியாசம் கூடாது என்றது. 2012 டிசம்பர் 21 முதல் இது அமலுக்கு வந்தது. அதுவரை பல நாடுகளில் இளம்பெண்கள் அதே வயது ஆண்களைவிடக் குறைவாகக் கட்டிவந்தார்கள். தீர்ப்புக்குப் பிறகு அந்தச் சலுகையைக் கொடுக்க வழியில்லாமல் போனது. சமத்துவம் வந்தது, ஆனால் அதன் பில் போனது பெண்களுக்கு.

இந்த எல்லா முயற்சிகளிலும் ஒரு பொதுவான விஷயம் தெரிகிறது. ஒரு கேள்வியைக் கேட்கக்கூடாது என்று சட்டம் தடுக்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் உள்ள செலவைச் சட்டம் அழிப்பதில்லை. ஒருவர் பாக்கெட்டிலிருந்து இன்னொருவர் பாக்கெட்டுக்கு அது இடம் மாறுகிறது.

செலவையே குறைத்த வழி

செலவையே குறைக்க ஒரு வழி பிறந்தது. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்த பட்ரீஷியா வாலர் 1970-களில் ஒரு யோசனை சொன்னார். லைசென்ஸை ஒரே நாளில் முழுதாகக் கொடுக்காமல் படிப்படியாகக் கொடுக்கலாம். முதலில் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து பல மாதப் பயிற்சி. பிறகு தனியாக ஓட்டலாம், ஆனால் ராத்திரியில் கூடாது, காரில் நண்பர்கள் கும்பல் கூடாது. இதைப் பிரச்சினையில்லாமல் தாண்டினால் முழு லைசென்ஸ். ராத்திரியையும் நண்பர்களையும் குறிவைத்ததற்குக் காரணம் இருக்கிறது. இளைஞர்களின் மரண விபத்து வாய்ப்பை மிகவும் கூட்டுபவை இவை இரண்டும்.

சொந்த நாட்டில் இந்த யோசனை தூங்கிக்கொண்டிருக்க, 1987-இல் நியூசிலாந்து இதைச் செய்து காட்டியது. 1996-இல் ஃப்ளோரிடா அமெரிக்காவில் முதலில் எடுத்துக்கொண்டது. இன்று ஐம்பது மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் இது இருக்கிறது. அமெரிக்காவில் சாலை விபத்துகளில் இறந்த 13 முதல் 19 வயது வரையிலானவர்கள் 1975-இல் 8,700-க்கும் மேல். 2022-இல் சுமார் 3,000. சீட் பெல்ட், பாதுகாப்பான கார்கள், 1984-க்குப் பிறகு நாடெங்கும் 21 ஆக உயர்ந்த குடிக்கும் வயது என்று பல காரணங்கள் சேர்ந்த பலன் இது. படிப்படியான லைசென்சுக்கும் அதில் நிச்சயமான பங்கு உண்டு.

கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. 1998 வாக்கில் ப்ரோக்ரசிவ் கம்பெனி டெக்சாஸில் காருக்குள் ஒரு கருவியை வைத்து, எப்போது எவ்வளவு ஓட்டுகிறார்கள் என்று பார்த்து விலை சொல்லும் சோதனையைச் செய்தது. இன்று அந்த வேலையைச் செல்போனே செய்கிறது. பொறுமையாக ஓட்டும் இளைஞருக்குத் தன் வயதுச் சராசரியிலிருந்து தப்பிக்க இது ஒரு வாசல். பதிலுக்குக் கொடுப்பது, எங்கே போனாய், எப்போது பிரேக் பிடித்தாய் என்ற முழு ஜாதகத்தையும்.

மிஞ்சும் கணக்கு

ஒரே விலை என்றால் ஜாக்கிரதையான பெரியவர் முணுமுணுப்பார். தனித்தனி விலை என்றால் ஒரு தப்பும் செய்யாத இளைஞர் முணுமுணுப்பார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இந்த பில் அப்பாவின் முணுமுணுப்போடு முடிந்துவிடும். வேலைக்குப் போயே ஆகவேண்டிய ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இரண்டே வழிகள்தான்: ஓட்டாமல் இருப்பது, அல்லது இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டுவது. அவன் இரண்டாவது வழியில் போய் யாரையாவது இடித்துவிட்டால், 1925-இல் மாசசூசெட்ஸ் சட்டம் போட்ட அதே பிரச்சினை திரும்ப வாசலில் வந்து நிற்கும்.

விலையைப் பங்கு போடுவதைப் பற்றி நூறு வருடமாகச் சண்டை நடந்திருக்கிறது. யார் பாக்கெட்டிலும் கை வைக்காமல் கணக்கைக் குறைத்தது, ராத்திரியில் அந்தப் பிள்ளை ஓட்டாமல் பார்த்துக்கொண்ட சாதாரண விதிதான். நடக்காத விபத்துக்கு யாரும் பிரீமியம் கட்டவேண்டியதில்லை.